வால்வுக்கு வைத்த பொட்டு

ராக்கெட்டுக்குப் பொட்டு வைத்தது நான்தான். வைத்த மூன்றாம் நாள் தீப்பிடித்தது.

சரியாகச் சொன்னால், தீப்பிடித்தது ராக்கெட் இல்லை, அதற்கு ஆக்ஸிஜன் அனுப்புகிற வால்வு. ராக்கெட் இரும்புச் சட்டத்தில் கட்டியபடி கல்யாணத்துக்கு வந்த பெரிய மனுஷன் மாதிரி அசையாமல் இருந்தது. வால்வைத் திறந்த ரொஸ்னாவின் இடது கைதான் மணிக்கட்டு வரை வெந்துபோனது.

இது தொண்ணூற்று நாலாம் வருஷம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற புக்கிட் தெங்காவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு வாடகைக் கிடங்கில் டாக்டர் ஐயாத்துரை ராக்கெட் ஆராய்ச்சி நடத்தினார். ரொஸ்னா அவருடைய எஞ்சினியர். ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். கதிர்காமநாதன் என்கிற நான் டெக்னீஷியன். அதாவது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், கோப்பி வாங்கி வருவேன், கேட்காமலே ஆலோசனை சொல்வேன்.

வழக்கமான திட ராக்கெட் மருந்தில் எரிபொருளும் அதை எரிய வைக்கிற உப்பும் ஒன்றாகக் குழைந்திருக்கும். எரிந்தால் புகையில் அமிலம் வரும். எங்களுடையது கலப்பு வகை. குழாய்க்குள் மெழுகு, சீனக் கோயில்களுக்கு மெழுகுவத்தி வார்க்கிற கடையில் வாங்கியது. ஆக்ஸிஜன் தனியாக சிலிண்டரில். புகையில் பெரும்பாலும் நீராவியும் கரியமில வாயுவும்தான். "யாரையும் எதையும் கெடுக்காத ராக்கெட்" என்று பார்க்க வருகிறவர்களிடம் நான்தான் பெருமையடிப்பேன்.

அந்தக் கிடங்கில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஆக்ஸிஜன் போகிற வழியில் எண்ணெய் படக்கூடாது. சிலிண்டரிலிருந்து வருகிற அழுத்தத்தில் ஒரு சொட்டு போதும், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ரொஸ்னா ஒவ்வொரு பாகத்தையும் ஸ்பிரிட்டில் கழுவி, உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் கட்டி, 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்ட அட்டையைத் தொங்கவிடுவாள். சுவரில் மூன்று மொழிகளில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. தமிழில் எழுதியது நான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டு வேறு.

ஆயுத பூஜை அன்று எல்லாரும் சீக்கிரம் போய்விட்டார்கள். கடைசல் இயந்திரம், துளை போடுகிற இயந்திரம், என் ஸ்பேனர்கள் என்று வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வழவழப்பான எஃகில் குங்குமம் நிற்காமல் உதிர்ந்தது. வீட்டில் செய்கிற மாதிரி இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தேன். பிசிறில்லாமல் ஒட்டியது. கடைசியில் அந்த வால்வு மட்டும் பைக்குள் கிடந்தது. எல்லாருக்கும் வைத்துவிட்டு அதை மட்டும் ஒதுக்க மனசு வரவில்லை. பையை அவிழ்த்து, அதன் வாய் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, அவள் போட்டிருந்த அதே முடிச்சைத் திரும்பப் போட்டேன். யாருக்கும் அடிபடக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சுவரில் இருந்த என் அழகான கையெழுத்துக்கு நேர் கீழே நின்றுதான் வேண்டினேன்.

விபத்து நடந்து பத்து நாளில் அறிக்கை தயாரானது. சரியாகச் சுத்தம் செய்யாததே காரணம், அட்டையில் ரொஸ்னாவின் கையெழுத்து இருக்கிறது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று பிரதி எடுத்துவரச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள்.

பிரதிகளைக் கொடுக்கும்போது ஐயாத்துரையிடம் மெல்லக் கேட்டேன். "சார், வெளி ஓரத்துல கொஞ்சூண்டு எண்ணெய் பட்டிருந்தா ஏதாச்சும் ஆகுமா?"

"எங்க பட்டுச்சு, எவ்ளோ, அழுத்தம் என்னா, அதப் பொறுத்தது லா. ஏன் கேக்குற?"

"சும்மா சார். பொது அறிவு."

"அது ஒனக்கு எதுக்கு இப்ப" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் செல்வநாயகியிடம் முழுவதையும் சொன்னேன். என் மனைவி தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "சாமிக்கு வச்சது யாரையும் சுடாதுங்க. பேசாம சாப்பிடுங்க." சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினேன். கரை சேர்வதற்குள் நாலு விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டேன். நாலிலும் ஒரு நகைச்சுவை இருந்தது. சுங்கை பினாங்கில் அவளுடைய ஃபிளாட்டுக்குப் போகிற வழியில் ஒரு கிலோ மங்குஸ்தான் வாங்கினேன்.

கதவைத் திறந்தது அவளுடைய அம்மா நூர் பீவி. "வாங்க தம்பி. எதுக்கு இதெல்லாம். யார் தப்பும் இல்ல, உயிர் தப்பிச்சுச்சே, அது போதும்."

ரொஸ்னா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை தலையணைமேல் இருந்தது. பழப் பையை அவள் மடியில் வைத்தேன். ஒரு கையால் மங்குஸ்தானை உடைக்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"நல்ல பழமாப் பாத்து வாங்கியிருக்கீங்க அண்ணே" என்றாள்.

"எனக்கு மூளை வேலை செய்யறது மார்க்கெட்ல மட்டும்தான்."

அவள் சிரிக்கவில்லை. பையைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு பழமாக உடைத்துத் தட்டில் வைத்தேன். தோலின் சாறு பட்டு விரலெல்லாம் கறையானது. நாலு விதப் பேச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஏழாவது பழத்தில் நிறுத்தினேன்.

"ரொஸ்னா, பூஜை அன்னிக்கி அந்தப் பைய நான் அவுத்தேன். குங்குமத்துல நல்லெண்ணெய் கொழச்சு வால்வு வாயில பொட்டு வச்சேன். திரும்பக் கட்டிட்டேன். ஒன் கை வெந்தது அதனாலயா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மற்றவர்கள் சொன்னது மாதிரி இவளும் ஏதாவது சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டாளா என்று ஒரு கணம் ஏங்கினேன்.

"ஆமாண்ணே. அதனாலதான்" என்றாள். "ஹோஸ் மாட்டறப்ப ஓரத்துல செவப்பாத் தெரிஞ்சுச்சு. ஒங்க சாமி விஷயம், நான் தொடச்சா நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன். எண்ணெய் கலந்திருப்பீங்க, அது மரைக்குள்ள எறங்கியிருக்கும்னு நெனக்கல. விட்டது என் தப்பு, அத நான் சொல்லிக்கிறேன். பைய அவுத்தது நீங்க. அத நீங்கதான் சொல்லணும். வியாழக்கிழமை, எல்லார் முன்னாடியும். யாரையும் சிரிக்க வைக்காம."