அகப்பை தெரியாத படம்

1

“கழட்டடி அதை! இல்லாட்டி நான் உடைச்சுப்போட்டுத்தான் போவன்!”

“அண்ணை, முதல் கதிரையாலை இறங்குங்கோ. சாப்பிடுற சனம் பாக்குது.”

“பாக்கட்டும்! பாக்கத்தானே கொழுவியிருக்கு, நீயும் அந்தாளும் மாப்பிளை பொம்பிளை மாதிரி!”

இந்தச் சண்டைக்கு வந்து சேர நான்கு தொடக்கங்களைக் கிழித்தேன். (அதில் ஒன்று: “கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே, காற்று ஓயாத வெளியில், இருநூறு வருடமாக ஒரு...” போதும். காற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?) உண்மையில் இந்தக் கதை பிறந்தது, அமலராணி என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்ட இடத்தில்தான்: “றோஸ் அக்கா, வாயாலை கட்டின கதையை எழுத்தாலை திருத்துவீங்களோ?”

கட்டியது நான்தான். திருத்துகிறேன்.

2

கதிரையில் ஏறி நிற்பவர் அமலராணியின் தமையன் ஸ்ரனிஸ்லாஸ். ஆண்டு 1986. இடம் டென்மார்க்கில் ஒரு குரோ. சாப்பாடும் படுக்கையும் கொடுக்கும் பழைய கிராமத்து விடுதிக்கு டெனிஷ்காரர் வைத்திருக்கும் பெயர் அது. சாப்பாட்டு அறைச் சுவரில் நான்கு படங்கள். ஒவ்வொன்றிலும் வாசற்படியில் ஓர் ஆண், கையில் திறப்பு, கதவுச் சாவி. பக்கத்தில் ஒரு பெண், கையில் பித்தளை அகப்பை.

யாரும் நான்கு தம்பதிகள் என்றுதான் நினைப்பார்கள். முதலாவது மட்டுமே தம்பதி. அவர்களின் ஒன்பது பிள்ளைகளும் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட, விடுதி வேறொரு குடும்பத்தின் கைக்குப் போனது. இரண்டாவது படத்தில் இருப்பது அந்தக் குடும்பத்து முதலாளியும் சமையற்காரியும். பதினெட்டு வருடம் ஒருவரோடொருவர் கதைக்காமல், சிலேற்றுப் பலகையில் எழுதிக் காட்டியே ஊருக்குச் சூப் ஊற்றினார்களாம். மூன்றாவது, இப்போதைய சொந்தக்காரர் ஹோல்கரின் தகப்பனும் தகப்பனின் தங்கையும். அப்போ தாய் எங்கே என்று கேட்டேன். (கேட்காமல் விடுவேனா?) அவ அடுப்படிப் பக்கமே போகாதவவாம்.

வழக்கம் இதுதான்: திறப்பு வைத்திருப்பவரும் அடுப்பு வைத்திருப்பவரும் சேர்ந்து படம் எடுப்பார்கள். கொழுவிய படத்தைக் கழற்றும் உரிமை சமையற்காரிக்கு மட்டும். கழற்றி எடுத்துக்கொண்டு போனால் அடுப்பை விட்டுவிட்டாள் என்று பொருள். அப்படிப் போனவர்களின் ஆணித்துளைகள் சுவரெங்கும் உண்டு.

நான்காவது படம் ஹோல்கரும் அமலராணியும். கோப்பை கழுவ வந்தவள்; ஒரு வருடத்தில் அடுப்பு அவள் கைக்கு வந்தது.

3

படம் எடுத்த அன்றைக்கு அவள் தன்னிடமிருந்த ஒரேயொரு பட்டுச்சேலையைக் கட்டினாள். ஹோல்கர் கோட்டும் சூட்டும். காற்று முந்தானையைத் தூக்கி அகப்பைமேல் போட்டுவிட்டது. (பாருங்கள், துரத்திய காற்று வந்துவிட்டது.)

கோப்பி குடிக்கும் சாட்டில் போய் நான் படத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கோல்டிங் கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும், எங்கள் சனத்திடம் “அமலராணியையும் குரோக்காரனையும் சோடியாக் கொழுவியிருக்கு” என்றேன். அதில் பொய் இல்லை.*

அடுத்த ஞாயிறுக்குள் கதை ஜேர்மனிக்குப் போய்விட்டது. அங்கே கிறிஸ்துநாயகம் என்றொருவரை அமலராணிக்குப் பேசியிருந்தார்கள். அவருடைய கடிதங்களை அவள் மா டின்னுக்குள் வைத்திருந்தாள். அவருடைய தாய் ஸ்ரனிஸ்லாசுக்குப் போன் எடுத்து, படம் சுவரில் இருக்கும்வரைக்கும் சம்பந்தம் இல்லை என்று வைத்துவிட்டா.

படம் இறங்கினால் அடுப்புப் போகும். இறங்காவிட்டால் கடிதம் நிற்கும். இரண்டும் வேண்டும் என்று நிற்பவளை வைத்துக் கதை எழுதுவது லேசில்லை.

* முந்தானை ஓரத்தில் அகப்பைக் காம்பு ஒரு விரலளவு தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. சொன்னால் கதை படுத்துவிடும் என்று விட்டேன்.

4

முடிவு ஒன்று: அவள் அழுதுகொண்டே படத்தைக் கழற்றி... இல்லை. அமலராணி வெங்காயம் வெட்டியும் அழாதவள்.

முடிவு இரண்டு: ஹோல்கர் முன்வந்து, “நான் உன்னை...” உங்களுக்கு இது பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் மூன்று கோப்பி குடித்துக் கண்காணித்தும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த மனிதருக்குத் தன் கிழட்டுக் குதிரைமேல்தான் காதல்.

நடந்தது: ஹோல்கர் இரண்டு தட்டுப் பொரித்த மீனோடு நடு அறையில் நின்றார். அமலராணி தமையனை இறக்கிவிட்டுத் தானே கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். அடுப்பை விட்டுவிட்டாள் என்றே ஹோல்கர் தட்டுகளைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார். அவள் ஏப்ரனால் கண்ணாடியைத் துடைத்தாள்.

“இந்த மூலையைப் பாருங்கோ. என்ன தெரியுது?”

ஸ்ரனிஸ்லாஸ் குனிந்தார். “...அகப்பையோ?”

“ஓம். மற்றப் படங்களிலையும் அதுதான், சமைக்கிறவவின்ரை கையிலை. கழட்டச் சொன்னியள், கழட்டிப்போட்டன். இப்ப கொழுவுறன்.” கொழுவினாள். “அவருக்கு நான் எழுதுறன். ஐமிச்சமெண்டா வந்து பாக்கட்டும். நீங்கள் இருந்து சாப்பிடுங்கோ, மீன் ஆறுது.”

கத்திக் களைத்த மனிதர் இருந்து சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டாராம்.

5

பிறகு ஸ்ரனிஸ்லாஸ் நேசமலர் என்றொருத்தியைக் கட்டிக்கொண்டு கோல்டிங்குக்குப் போனார். ஹோல்கர் கட்டவுமில்லை, அசையவுமில்லை. கிறிஸ்துநாயகம் ஜேர்மனியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து அருகிலுள்ள பிராண்டேயில் வேலைக்குச் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் அவருடைய சிவப்புக் கார் குரோவின் முற்றத்தில் நிற்கும். மீனுக்காகவா, வேறெதற்காவதா?

எனக்குத் தெரியும். ஆனால் ஒருதரம் சொல்லிப் பட்டது போதும். பஸ்ஸை நம்பாமல் காரை எடுத்துக்கொண்டு நீங்களே போய்ப் பாருங்கள். பார்த்ததை முழுதாகச் சொல்லுங்கள், காம்பையும் சேர்த்து.