பாத்திமாவின் மூன்று வரிகள்

வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இணையதளங்கள் செய்துகொடுப்பது சித்ரலேகாவின் தொழில். பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஒன்றுகூடப்போகிறார்கள் என்று அவர்களுக்கும் ஒரு தளம் செய்துகொடுத்திருந்தாள். பழைய மாணவிகள் அதில் நினைவுகளை எழுதலாம். நாலே நாளில் அறுபது பேர் எழுதித் தள்ளிவிட்டார்கள். அவளுக்கு ஏகப் பெருமை.

ஐந்தாம் நாள் காலையில் மைதீன் பாத்திமா மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருப்பவர், அந்த வகுப்புக்காரர்.

"ஏம்மா, நான் மூணு வரியா எழுதுனேன். நீ ஒரே வரியா ஒட்டி வச்சிருக்கியே!"

சித்ரலேகா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 'வாசல் மணி அடிக்குமுன்னே வந்து நிப்போம் யாரு முதல்லன்னு சண்டை போடுவோம் டிபன் பாக்ஸைத் திறந்தா சமாதானம் ஆவோம்.'

"எல்லா வார்த்தையும் இருக்குல்லா அக்கா?"

"வார்த்தை கெடக்கட்டும். வரி வரியா இருந்தாத்தான் அது சேர வேண்டிய ஆளுக்குச் சேரும். திரும்பத் திரும்ப என்டர் அழுத்திப் பாத்துட்டேன், அத்தனையையும் முழுங்குது."

யாருக்குச் சேரவேண்டும் என்று கேட்டது காதில் விழாததுபோலப் பாத்திமா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். வேலை முடியாமல் இந்த அக்கா எழுந்திருக்க மாட்டார் என்பது சித்ரலேகாவுக்குப் புரிந்தது.

எழுதியதெல்லாம் சேமிப்பாகும் இடத்தைத் திறந்து காட்டினாள். அங்கே மூன்று வரிகளும் தனித்தனியாகத்தான் இருந்தன.

"நீங்க அழுத்துன என்டர் எங்கயும் போகலக்கா. இங்கன பத்திரமா இருக்கு. பக்கத்துல காட்டும்போதுதான் அதை வெறும் இடைவெளியா எடுத்துக்கிடுது."

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் வரி உடைக்கும் குறியைத் தானே சேர்க்கும்படி செய்தாள். யார் எதை எழுதினாலும் வெறும் எழுத்தாகவே காட்டு என்று பாதுகாப்புக்காக அவளே முன்பு ஏற்பாடு செய்திருந்தாள். அதனால் <br> என்ற அந்தக் குறியும் கவிதைக்கு நடுவே வரிக்கு வரி எழுத்தாகவே வந்து நின்றது.

"இது என்ன, வேலி போட்டிருக்க?" என்றார் பாத்திமா.

சித்ரலேகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குறிகளை அழித்தாள். எழுதியவர் விட்ட வரிகளை அப்படியே விடு என்று சொல்லும் 'ப்ரீ-லைன்' என்ற ஒற்றைக் கட்டளையைப் பக்கத்தின் தோற்ற விதிகளில் சேர்த்தாள். முதல் நாளே போட்டிருக்க வேண்டியது.

வாசல் மணி அடிக்குமுன்னே வந்து நிப்போம்
யாரு முதல்லன்னு சண்டை போடுவோம்
டிபன் பாக்ஸைத் திறந்தா சமாதானம் ஆவோம்

மேலிருந்து கீழே முதல் எழுத்துகளில் அவள் கண் ஓடியது. "வா... யா... டி. வாயாடியா!"

பாத்திமாவின் முகம் சிவந்துவிட்டது. "டெபோராவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். ரெண்டு பேரும் கிளாஸ்ல இப்படித்தான் சீட்டு எழுதிக்கிடுவோம். அவ ரெக்கார்டு நோட்டுல மையைக் கொட்டிட்டு, நான் இல்லன்னு சாதிச்சுட்டேன். அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு. பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு மூஞ்சி ஏது?"

மறுநாள் சாயங்காலம் சித்ரலேகா டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அந்த மூன்று வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு பதில்.

சண்டையெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சு
ரிசல்ட் வந்த நாள்ல இருந்து உன்னைத் தேடுதேன்
டிக்கெட் போட்டாச்சு, கோயம்புத்தூர்ல இருந்து

அவள் போட்ட கூச்சலில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். உடனே பாத்திமாவை அழைத்தாள்.

"அக்கா, பதில் வந்துட்டு! வாசிக்கவா?"

"வேண்டாம், வேண்டாம். முதல் எழுத்து மட்டும் சொல்லு."

"ச... ரி... டி. சரிடி! டிக்கெட்டும் போட்டாச்சாம்க்கா."

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. பிறகு பாத்திமா கடையில் இருந்தவர்களிடம் "வாராளாம்! எங்க டெபோரா வாராளாம்!" என்று கத்துவது கேட்டது.

ஒன்றுகூடிய அன்று இருவரும் கோத்த கையை விடாமலே சாப்பிட்டார்கள். மறுநாள் பாபநாசம் அருவிக்குப் போகத் திட்டம். "நீயும் வா பிள்ள, தண்ணி நல்லா விழுதாம்" என்று டெபோரா கூப்பிட்டார். மாடி அறையைப் பூட்டிவிட்டு சித்ரலேகாவும் கிளம்பிவிட்டாள்.