பன்னிரண்டாவது வாக்குமூலம்

அசதியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த கன்னியம்மாவின் தலையில் மேஸ்திரி கோதண்டம் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்து மூன்று நாளாகிவிட்டது. அவள் புகார் சொன்னாள். கல்மண்டபம் இறால் கொட்டகையில் வேலை செய்யும் எல்லோரிடமும் எழுதி வாங்கச் சொன்னார் முதலாளி. புகார் பொய்யென்று முடிவானால் அவளுக்கு வேலையில்லை.

எழுதும் வேலை கிளார்க் டில்லிபாபுவுக்கு. மனைவி இறந்ததிலிருந்து, எட்டு மாதமாக, அவன் எதிலும் தலையிடுவதில்லை. ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதி, உரக்கப் படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கினான்.

"தண்ணி குட்சிகினு இருந்தேன், ஒண்ணும் பாக்கலன்னு எழுதுப்பா" என்றாள் மலர். அடுத்தவளும் அதையே சொன்னாள். பதினொரு பேரும் அதையே சொன்னார்கள்.

"ஒரே கொயாயில பதினோரு பேரா? இன்னா தாகம்டீ அது!" என்றாள் கன்னியம்மா. யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக டில்லிபாபு தன்னுடையதை எழுத உட்கார்ந்தான். அதே வரியைத்தான் தொடங்கினான். பாதியில் அலுத்துப்போய் அடித்துவிட்டு, வேறு எழுதினான்.

"உன்து மட்டும் படிக்க மாட்டியா நைனா?" என்று கேட்டாள் கன்னியம்மா.

கோதண்டம் வாசலில் நின்றிருந்தார். டில்லிபாபு எழுந்து படித்தான்: "மேஸ்திரி வாளியைக் கவிழ்த்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்."

"உன்க்கு இன்னாடா வந்துச்சு? நீ உண்டு, உன் வேலை உண்டுன்னு கீறவனாச்சே!" என்று கத்தினார் கோதண்டம்.

"பாத்தேன்ணா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

கன்னியம்மா அவனையே பார்த்தாள்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.