அட்டையின் பின்புறம்

அறுபது வருஷமாக டெஸ்மண்டுக்குச் சோறு போட்டது ஒரே ஒரு பாட்டு. 'ஈரக் காலோடே வா, கண்ணே' என்று தொடங்கும். விக்டோரியா மாநிலம் முழுக்க அந்தப் பாட்டைத் தெரியாத பிள்ளை கிடையாது. பாலர் பள்ளியிலும் பாடுவார்கள், சாவு வீட்டிலும் பாடுவார்கள். அதைப் பாடிப் பிரபலமாக்கிய 'லாந்தர் நால்வர்' குழுவில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எண்பத்திரண்டு வயது டெஸ்மண்டும் அவர் கிதாரும்தான் மிச்சம்.

அவரைத்தான் கிளெனிஸ் என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

"எங்கம்மா ஊனா போயிட்டாங்க. தொண்ணூத்தாறு வயசு. அந்தப் பாட்டுன்னா அவங்களுக்கு உயிரு. வந்து பாடுவீங்களா?"

ஊனா என்ற பெயரை அவர் மறந்திருக்கவில்லை. வருகிறேன் என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில், டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு பழைய பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். செம்மறிகளுக்கு மயிர் கத்தரிக்கும் கொட்டகை ஒன்றில் சமையல்காரி ஊனா ரொட்டி மாவு பிசைந்துகொண்டே இதைப் பாடினாள்.

"பழசு இல்லப்பா, நானே கட்டினது. எம்புள்ள ராபி குட்டையில விழுந்து போயிட்டான். மூணு வயசு" என்றாள்.

டெஸ்மண்டின் காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் அந்தக் காலத்து நாட்டுப்பாட்டுப் பிரியர்களுக்குப் பாட்டு என்றால் பாட்டனுக்குப் பாட்டன் காலத்ததாக இருக்க வேண்டும். உயிரோடிருக்கும் சமையல்காரி கட்டியது என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். அதனால் நால்வரும் பாடி வெளியிட்ட இசைத்தட்டு அட்டையின் பின்புறம் தன் கையாலேயே எழுதினார்: 'முன்னூறு ஆண்டுப் பழம்பாடல். கார்ன்வால் சீமையிலிருந்து கப்பலேறி வந்தது. இயற்றியவர் தெரியவில்லை.' கொஞ்சமாவது கை கூசியதா பாவி மனுஷனுக்கு!

தேவாலய வாசலில் கிளெனிஸ் அச்சடித்த தாளை நீட்டினாள். ஊனாவின் படம், கீழே பாட்டு, அதன் கீழே 'பழம்பாடல்' என்று ஒரு சொல்.

"ஒரு வேடிக்கை தெரியுமா? இதை, தானே கட்டினதா அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. 'கதை அளக்காதீங்கம்மா, அட்டையிலயே போட்டிருக்கு'ன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். போன வாரம்கூட நர்ஸ்கிட்ட சொன்னாங்க. நான் அந்தப் பொண்ணைப் பாத்துக் கண்ணடிச்சுச் சிரிச்சேன்."

இப்போது சொல்லாவிட்டால் உண்மையும் ஊனாவின் சவப்பெட்டிக்குள்ளேயே போய்விடும் என்று டெஸ்மண்டுக்குத் தெரிந்தது.

"உங்கம்மா அளக்கலம்மா. அவங்கதான் கட்டினாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும். அட்டையில எழுதினது நான்."

கிளெனிஸின் முகம் வெளுத்துவிட்டது.

"அறுபது வருஷமா வாயில என்ன அடைச்சிருந்துச்சு? பெத்த தாயைப் பொய்க்காரின்னு சிரிச்சேனே! போங்க உள்ள. அத்தனை பேர் முன்னாலயும் சொல்லுங்க."

போனார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, ராபியையும் குட்டையையும் ரொட்டி மாவையும் தன் பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கூட்டம் நெகிழ்ந்துபோய்க் கேட்டது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நல்ல மனசு பாரு. செத்தவளுக்குப் பாட்டையே தூக்கிக் குடுத்துட்டாரு."

"வயசாச்சுல்ல, பேசிட்டுப் போகட்டும்" என்றார் பக்கத்திலிருந்த கிழவர். "அது முன்னூறு வருஷத்துப் பாட்டு. கார்ன்வால்ல இருந்து கப்பலேறி வந்தது. எங்க பாட்டியே பாடுவாங்க."

"ஐயோ, இல்லைங்க! நெசமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினார் டெஸ்மண்ட்.

கைதட்டினார்கள். அவர் கிதார் கம்பியைத் தொடுவதற்கு முன்பே எழுந்து நின்று பாடவும் தொடங்கிவிட்டார்கள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

கிளெனிஸ் மட்டும் பாடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து தன் தாளில் இருந்த 'பழம்பாடல்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தாள். மற்ற நூறு தாள்களும் ஊர்க்காரர்கள் கையில் இருந்தன.