எண் 317

ஐந்து நத்தை ஓடுகளையும் கைக்குட்டையின் மேல் வரிசையாக வைத்துவிட்டு மகள் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எதிலும் எண் இல்லை. வாய்ப்பக்கத்தில், எறும்பு அளவுக்கு, அப்பா மையால் எழுதியிருந்த எண்கள் அழிந்துபோயிருந்தன. ஓடுகளை மூடியிருந்த பழுப்புத் தோலும் இல்லை. கூம்பு நத்தைகள் ஐந்தும் கழுவிய பீங்கான் போல மின்னின.

"என்னடி அப்படிப் பாக்கற?"

கதவருகில் அத்தை, அப்பாவின் அக்கா. அழுது குரல் கட்டியிருந்தது.

"காலையில ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்ததும் ஒரு எடத்துல உக்கார முடியல. நாலு பேர் வந்து போற வீடு. இதெல்லாம் பாசி புடிச்சுக் கெடந்துது. கம்பி நார் போட்டுத் தேச்சேன்."

"இதுங்களோட இருந்த சீட்டு?"

"தூக்கிப் போடுவேனா? ஒண்ணா அடுக்கி ரப்பர் போட்டு வச்சிருக்கேன்."

ஐந்து சீட்டு, ஐந்து ஓடு. எது எதனுடையது என்று அறிந்தவர் கூடத்தில் படுத்திருந்தார்.

"சரி அத்தை. நீங்க போய்க் கொஞ்சம் காபி குடிங்க" என்றாள் மகள்.

மணி மூன்றே கால். நான்கு மணிக்கு அப்பாவை எடுத்துப் போக வண்டி. கூடத்தில் அருங்காட்சியகத்துக்காரர் காத்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்தான், ஆனால் மடியில் பஞ்சு வைத்த சிறு பெட்டி இருந்தது. முந்நூறு மீட்டர் ஆழத்தில் வலையில் சிக்கிய ஒரு நத்தை, பழைய இனம் ஒன்றைப் போலவே இருந்தாலும் அது அல்ல, புதியது என்று காட்ட அப்பாவுக்குப் பதினோரு வருடம் ஆனது. கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. அதில் சான்றாகக் குறித்திருந்த ஓடு எண் 317. நாளைக் காலைக்குள் அது அருங்காட்சியகப் பெட்டகத்தில் சேராவிட்டால் கட்டுரை நின்றுவிடும். தப்பான ஓடு சேர்ந்தால் அதைவிட மோசம். அப்பா பெயரில் ஒரு பிழை என்றைக்கும் இருக்கும்.

பதிவு நோட்டைப் புரட்டினாள். 317, நீளம் 41.2. அளவுக்கருவியின் தாடைகளுக்கிடையே ஓடுகளை ஒவ்வொன்றாக வைத்தாள். மூன்று ஓடுகள் உடனே கழிந்தன. நான்காவது 41.2. ஐந்தாவதும் 41.2.

இன்னொரு முறை அளந்தாள். அதேதான். ஒன்று 317. மற்றது 319, அந்தப் பழைய இனம்.

சித்தப்பா தலையை நீட்டினார். "வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சாம். எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க." மேசையைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். "இதுக்கெல்லாம் விஷம் உண்டுன்னு சொல்வாரே உங்கப்பா?"

"உள்ள ஆள் இல்ல சித்தப்பா."

சொன்ன பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர் மெதுவாகப் போய்விட்டார்.

பக்கத்தைத் திருப்பினாள். அடியில், பென்சிலில், 317 பற்றி: 'உதட்டிலிருந்து 7 மி.மீ. தள்ளி, நண்டு உடைத்து ஆறிய வடு. பார்வைக்குப் படாது. நகத்தால் தடவவும்.'

முதல் ஓட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவதில் ஓரிடத்தில் தட்டி நின்றது. நம்பிக்கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் பலமுறை இடம் மாற்றினாள். எது எங்கே என்று தனக்கே மறந்த பிறகு தடவினாள். ஒன்றில் மட்டும் மறுபடி தட்டியது. உதட்டிலிருந்து அந்த இடம்வரை அளந்தாள். ஏழு.

அப்பாவின் பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் வாய்ப்பக்கத்தில் 317 என்று எழுதினாள்.

கூடத்தில் அருங்காட்சியகத்துக்காரர் ஓட்டை வாங்கிப் பார்த்தார். "மை புதுசா இருக்கே?"

"பழசு அழிஞ்சிடுச்சு சார். வடு இருக்கான்னு நீங்களே தடவிப் பாருங்க."

நோட்டைப் படித்தார். ஓரங்களில் மட்டும் பிடித்து, நகத்தை ஓட்டினார். ஒரு முறை நின்றது. தலையசைத்து அவள் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார்.

"மை ஈரமா இருக்கு, பஞ்சுல வச்சா இழுத்துக்கும். பத்து நிமிஷம் காயட்டும்மா. கையை மட்டும் மூடிடாதீங்க."

வாசலில் குரல்கள் எழுந்தன. "ஒரு கை குடும்மா" என்றார் அப்பாவைத் தூக்கப்போன சித்தப்பா.

அவள் இடது கையைக் கொடுத்தாள். வலது கை முன்னால் நீண்டு விரிந்தே இருந்தது. படி இறங்கும்போது தூறல் விழுந்தது.

"நனையுது பாரு, கையை மூடிக்கோயேன்" என்றாள் அத்தை.

"மூடக் கூடாது அத்தை."

அத்தை கிட்டே வந்தாள். கம்பி நார் கீறிச் சிவந்திருந்த தன் கையை அந்த உள்ளங்கைக்கு மேலே, படாமல், கவிழ்த்துப் பிடித்தபடி வண்டிவரை கூடவே நடந்தாள்.