மெரெவாய் மறைக்கவில்லை

துபாயில், அல் குசைஸில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் ஷியாமளா வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, 2004 ஜனவரியில், வலது தோளைப் பிடித்துக்கொண்டு மெரெவாய் உள்ளே வந்தாள். ஃபிஜிக்காரி. ஒரு ஷாப்பிங் மாலில் பெண்கள் வாசலில் செக்யூரிட்டி வேலை. கட்டிலில் உட்கார்ந்ததும் கட்டில் ஒரு முனகு முனகியது.

"எங்க விழுந்தீங்க?" என்று ஷியாமளா கேட்டாள்.

"நான் விழலை. ஒருத்தியை விழ வச்சேன்" என்றாள் மெரெவாய், சிரிக்காமல்.

அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. ஃபிஜியில் தன் ஊரான சிங்கடோக்காவின் சந்தையில் இந்தியக் காய்கறிக்காரர்களிடம் மெரெவாய் கற்ற இந்தியும், திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த ஷியாமளா துபாயில் கற்ற இந்தியும் வேறு வேறு மாதிரி உடைந்திருந்தன. உடைந்த இடங்களை ஆங்கிலத்தால் அடைத்துக்கொண்டார்கள். மெரெவாய் அவளை 'பஹினி' என்று கூப்பிட்டாள். அவர்கள் ஊர் இந்தியில் அக்கா தங்கை எல்லாருக்கும் அதுதான் சொல்லாம்.

தோளை அழுத்தி நீவும் அரைமணி நேரங்களில் மெரெவாயின் கதை துண்டு துண்டாக வந்தது. நான்கு அண்ணன்கள், நால்வருமே ரக்பி ஆடுபவர்கள். பதினைந்து வயதில், அவர்கள் ஆடி முடித்துப் போன பிறகு, கடற்கரை மணல்மேட்டில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு இவள் ஓட ஆரம்பித்தாள். ஊர் மைதானத்தில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அண்ணன்கள் பூட்ஸை ஒளித்து வைத்தார்கள். வெறுங்காலோடு ஆடினாள். தாய்மாமன் ஒருவர் மட்டும், "ஆடட்டும், விடுங்க" என்றார். இருபது வயதில் தீவு அணிக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடினாள். தோற்றார்கள். அதற்கப்புறம் பெண்கள் அணி என்று ஒன்றை யாரும் கூட்டவே இல்லை. ஊரிலிருந்து ஒரு கூட்டமே வளைகுடாவுக்கு செக்யூரிட்டி வேலைக்குக் கிளம்பியபோது கடைசி அண்ணனோடு இவளும் வந்துவிட்டாள். இங்கே வெள்ளிக்கிழமை காலைகளில், டீச்சர்களும் ஏர்ஹோஸ்டஸ்களும் சேர்ந்து வைத்திருந்த ஒரு கிளப்பில் ஆடினாள்.

ஷியாமளா ஒரு வெள்ளிக்கிழமை பார்க்கப் போனாள். மாலில் கைப்பைகளைத் திறந்து பார்த்துவிட்டு 'தேங்க்யூ மேடம்' சொல்லும் அதே பெண், பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்கப்புறம் அந்த கிளப்புக்கு டேப் சுற்றவும் ஐஸ் வைக்கவும் சும்மாவே போய் வர ஆரம்பித்தாள்.

2005 டிசம்பரில் துபாயில் நடந்த அழைப்புப் போட்டிக்கு ஃபிஜிப் பெண்கள் அணி ஒன்று வந்தது. அணிக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். பயிற்சியில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. மேனேஜர் மெரெவாய்க்கு ஃபோன் செய்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு அவளுக்குத் தீவின் ஜெர்சி கிடைத்தது. அணிக்கு பிசியோ இல்லாததால், "என் பஹினி இருக்கா" என்று ஷியாமளாவையும் இழுத்துக்கொண்டு போனாள். முதுகில் 'மெடிக்கல்' என்று எழுதிய ஒரு ஜாக்கெட்டை ஷியாமளாவுக்குக் கொடுத்தார்கள். மைதானத்து ஓரத்தில் அந்த ஜாக்கெட் போட்டவர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

அரையிறுதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, ஓடி வந்த ஒருத்தியின் முழங்கால் மெரெவாயின் நெற்றிப்பொட்டில் மோதியது. ஷியாமளா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மெரெவாய் புல்லில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. பத்து எண்ணுவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஓரத்துக்குக் கூட்டி வந்தார்கள். அணி ஜெயித்துவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் இறுதி ஆட்டம்.

மேனேஜர் கொஞ்சம் தள்ளி ஃபோனில் பேசிக்கொண்டு நின்றார். ஷியாமளா கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"மெரே, நாம எந்த ஊர்ல இருக்கோம்?"

"நாந்தி" என்றாள் மெரெவாய். ஃபிஜியின் விமான நிலையம் இருக்கும் ஊர் அது.

ஷியாமளா சிரித்தாள். ஏன் சிரித்தோம் என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறாள். "துபாய்டி, துபாய்" என்றாள். "ஆமா, துபாய்" என்றாள் மெரெவாய்.

"தலை வலிக்குதா?"

"வலிக்குது பஹினி. சுத்துது."

பக்கத்து அணிகளின் பிசியோக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஆங்கிலேயர்கள். ஒன்றுமில்லாததற்கு ஆட்டக்காரியை உட்கார வைத்துவிட்ட பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களோ என்று ஷியாமளாவுக்கு ஓடியது. இறுதி ஆட்டத்தில் மெரெவாய் பந்தோடு ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே மூன்று வாரம் ஆடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாத விதி அல்ல.

"வெயில்ல அப்படித்தான் இருக்கும். தண்ணி குடி" என்றாள்.

"ஆடலாமா?" என்று ஃபோனை வைத்துவிட்டு வந்து கேட்டார் மேனேஜர்.

"ஆடலாம்."

இறுதி ஆட்டத்தின் நான்காவது நிமிடத்தில், யாரும் பெரிதாக மோதாமலே, ஒரு சின்னத் தள்ளலில் மெரெவாய் சரிந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்தது.

மறுநாள் மதியம் கிளினிக்கின் தலைமை டாக்டர் கௌஸ் முகைதீன் ஷியாமளாவை அறைக்குக் கூப்பிட்டார். காயல்பட்டினத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். போட்டி நடத்தியவர்கள் ரிப்போர்ட் கேட்டிருந்தார்கள்.

"உக்காரும்மா. அந்தப் புள்ளைக்கு மூளையில ரத்தக் கசிவாம். உசிருக்கு பயமில்லேன்னு சொல்றாங்க. நீ முதல்ல செக் பண்ணினப்போ, கேட்டதுக்கெல்லாம் சரியாத்தானே பதில் சொல்லிச்சு?"

மேசையில் பேனா மூடி ஒன்று கிடந்தது. ஷியாமளா அதையே பார்த்தாள்.

"ஆமா டாக்டர்."

"வலி கிலி எதுவும் சொல்லலையே?"

"சொல்லல."

"அப்ப அதையே எழுதிக் கொடு. உன் மேல என்ன தப்பு இருக்கு?"

எழுதினாள். 'எல்லாக் கேள்விகளுக்கும் சரியான பதில். தலைவலியோ மயக்கமோ இல்லை என்று ஆட்டக்காரி கூறினார்.' கையெழுத்துப் போட்டாள்.

மெரெவாய் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஷியாமளா ஒரு தடவை போனாள். கதவுக் கண்ணாடி வழியாக, மொட்டையடித்த தலையில் கட்டோடு அவள் தூங்குவதையும், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் ஏதோ தோத்திரப் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். வாங்கிப் போன ஆரஞ்சுப் பழங்களை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, பேர் சொல்லாமல் திரும்பி வந்தாள். பிறகு அந்த அண்ணன் கிளினிக்குக்கு மூன்று முறை ஃபோன் செய்தார். மூன்று முறையும், "நான் லீவுன்னு சொல்லிடுங்க" என்று ரிசப்ஷனில் இருந்த சீதாலட்சுமியிடம் சொன்னாள். மூன்றாவது முறை சீதாலட்சுமி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஜனவரியில் மெரெவாயின் விசா ரத்தாகி அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்வி.

வீட்டில் கணவன் சிவசங்கரன், "நீ எதுக்கு இதையே நினைச்சுட்டு இருக்க? அவ வாய் திறந்து சொல்லலைன்னா உனக்கெப்படித் தெரியும்?" என்றான். அவனிடமும் அவள் ரிப்போர்ட்டில் எழுதியதைத்தான் சொல்லியிருந்தாள். அவன் ஆறுதல் சொல்லச் சொல்ல அவளுக்கு உடம்பு கூசியது. வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் போவதை நிறுத்தினாள். அந்த ஜாக்கெட்டை ஒரு கவரில் சுற்றி, அடுத்த கட்டடத்துக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

நாலு வருடம் போயிற்று. 2009 டிசம்பரில் சிவசங்கரனின் கம்பெனிக்கு ரக்பி போட்டி பாஸ் வந்தது. இப்போது போட்டி, ஊருக்கு வெளியே பாலைவனச் சாலையில் புதிதாகக் கட்டிய மைதானத்தில் நடந்தது. வேண்டாம் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்குமே என்று ஷியாமளாவும் மகள் அனன்யாவைக் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்துச் சின்ன மைதானத்தில் பெண்கள் ஆட்டம். தண்ணீர் பாட்டில் கூடையோடு ஓரமாக நடந்துபோன ஒருத்தி, லேசாக இடது பக்கம் சாய்ந்து நடந்தாள்.

ஷியாமளா திரும்பிப் போகப் பார்த்தாள். அதற்குள், "பஹினி!" என்ற குரல் கேட்டுவிட்டது.

மெரெவாய் கூடையைப் போட்டுவிட்டு வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. முப்பத்திரண்டு வயதுதான். சிங்கடோக்காவில் ஒரு பெண்கள் அணிக்கு உதவிக்கு இருக்கிறாளாம், அந்த அணியோடுதான் வந்திருக்கிறாளாம். பயிற்சி கொடுப்பது அவள்தான், ஆனால் கோச் என்று பதிவு செய்ய விடவில்லையாம்.

"உங்களைப் பாத்தா காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் மெரெவாய்.

"என்கிட்டயா? எதுக்கு?"

"நான் பொய் சொன்னேனே. தலை வலிக்கலைன்னு. எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை பஹினி. காலைல பஸ் ஏறினது ஞாபகம் இருக்கு, அப்புறம் ஆஸ்பத்திரி. ஆனா உங்க ரிப்போர்ட்டைக் காட்டினாங்க. காயத்தை மறைச்சு அணிக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தேன்னு சங்கத்துப் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துட்டாங்க. ஜெர்சி ஆசையில சொல்லியிருப்பேன். என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் வந்துதோ!"

பிறகு நடந்ததையும் அவள் சொன்னாள். அவர்கள் ஊரில் குற்றம் செய்தவர் திமிங்கலப் பல்லை எடுத்துக்கொண்டு போய், பாதிக்கப்பட்டவர் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பது வழக்கம். மெரெவாய்க்காக அவளுடைய தாய்மாமன், அறுபத்தெட்டு வயதுக்காரர், தலைநகர் சுவாவுக்கு பஸ் ஏறிப் போய், ரக்பி சங்க அதிகாரிகளுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்தார். இவள் அவருக்குப் பின்னால். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பல்லை வாங்கிக்கொண்டார்கள். மன்னித்தார்கள். பெயரை மட்டும் திரும்பச் சேர்க்கவில்லை.

"மெரே, உக்காரு" என்றாள் ஷியாமளா. தானே முதலில் புல்லில் உட்கார்ந்தாள். "நீ பொய் சொல்லல."

மெரெவாயும் உட்கார்ந்து, புரியாமல் பார்த்தாள்.

"தலை வலிக்குதுன்னு சொன்ன. சுத்துதுன்னு சொன்ன. எந்த ஊருன்னு கேட்டதுக்கு நாந்தின்னு சொன்ன. நான்தான் சிரிச்சேன். நான்தான் ஆடலாம்னு சொன்னேன். அப்புறம் ரிப்போர்ட்ல மாத்தி எழுதினேன்."

"திரும்பச் சொல்லுங்க."

ஷியாமளா திரும்பச் சொன்னாள். மெரெவாய் மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னாள். அதையும் ஷியாமளா சொன்னாள்.

"ஏன்?" என்றாள் மெரெவாய்.

"மத்தவங்க பாத்துட்டு இருந்தாங்க" என்றாள் ஷியாமளா. "அப்புறம் பயமா இருந்துச்சு."

மெரெவாய் தன் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். திட்டினால் தேவலை என்று இருந்தது ஷியாமளாவுக்கு.

"மாமா போன வருஷம் செத்துட்டார்" என்றாள். "என் மருமக பொய் சொல்ற பொண்ணுன்னு நம்பிட்டே செத்தார். நானே நம்பினேனே." எழுந்து நின்றாள். பிடித்துக்கொள்ள ஷியாமளா நீட்டிய கையைத் தொடவில்லை. "எழுதிக் கொடுங்க. இப்ப சொன்னதை அப்படியே. சங்கத்துக்கும் எனக்கும்." கூடையை எடுத்துக்கொண்டு அணியிடம் போனாள். அவர்கள் ஆட்டம் தொடங்க விசில் ஊதிவிட்டது.

அந்த வாரமே ஷியாமளா எழுதினாள். ஒரு பிரதி கௌஸ் முகைதீனுக்கும் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நான் கேட்டேனேம்மா" என்றார். வேலை போயிற்று. லைசென்ஸை ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். ஏப்ரலில் மெரெவாயிடமிருந்து ஒரு ஈமெயில் வந்தது. பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள், கோச் பதிவும் கிடைத்துவிட்டது, உங்கள் கடிதத்தைச் சர்ச்சில் எல்லாருக்கும் முன்னால் நானே வாசித்தேன் என்று மூன்று வரி. நன்றி என்றோ, மன்னித்தேன் என்றோ இல்லை. பஹினி என்றும் இல்லை.

சித்திரைப் பிறப்பன்று வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் சாப்பிட வந்திருந்தன. பேச்சுவாக்கில் சிவசங்கரன், "யாருக்கு வரும் இந்த தைரியம்? வேலை போனாலும் பரவாயில்லைன்னு ஒரு ஃபிஜிக்காரப் பொண்ணுக்காக உண்மையை எழுதிக் கொடுத்தா இவ" என்றான். வந்திருந்த கோபாலசாமி, "நேர்மைன்னா இதுதாங்க. உங்களை நினைச்சா பெருமையா இருக்கும்மா" என்றார். அவர் மனைவி கையைத் தட்டவே ஆரம்பித்தாள்.

பாயசக் கிண்ணத்தோடு நின்ற ஷியாமளாவுக்கு முகம் தீய்ந்தது போல இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இவர் பாதியைத்தான் சொல்றார்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து, ஒன்றும் விடாமல் சொல்ல ஆரம்பித்தாள். சிரித்ததையும் சொன்னாள். மூன்று ஃபோனையும் சொன்னாள். கோபாலசாமியின் மனைவி குழந்தையைக் கை கழுவக் கூட்டிப் போனவள் உள்ளேயே நின்றுவிட்டாள். சிவசங்கரன் இலையைப் பார்த்தபடி இருந்தான். ஷியாமளா சொல்லி முடிக்கும்வரை யாரும் சாப்பிடவில்லை.