டிஸ்போர்ட் நடித்த மதியம்

அந்த ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு பைத்தியக்கார வழக்கம் இருந்தது. எந்த வினைச்சொல்லானாலும், பொருள் எழுதியவரே அதை எல்லார் முன்னாலும் நடித்துக் காட்ட வேண்டும். பார்ப்பவர்கள் சரியாகச் சொன்னால்தான் அது அச்சுக்குப் போகும். தலைமை ஆசிரியர் போட்ட சட்டம் இது. தும்மல், சொறிதல், கொட்டாவி கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

துணையாசிரியர் தலையில் விழுந்தது 'டிஸ்போர்ட்'. கவலை மறந்து குதித்துக் கும்மாளமிட்டு விளையாடுவது என்று பொருள். ஆங்கிலக்காரர்களே பரணில் தூக்கிப் போட்டுவிட்ட பழைய சொல். நம் மனிதரோ தன் கல்யாண போட்டோவிலேயே உம்மென்று நிற்பவர். இது இன்று தேறாவிட்டால் 'டி' எழுத்து மொத்தமும் பக்கத்து மேசை மைத்துனனுக்குப் போய்விடும். எழுத்து போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டில் மனைவி பாடப்போகும் தம்பி புராணத்தை ஆயுசுக்கும் கேட்பது யார்?

மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளை ஓரங்கட்டினார்கள். துணையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு குதி குதித்தார்.

"கால்ல ஏதாவது குத்திடுச்சா சார்?" என்றார் டைப்பிஸ்ட் அம்மாள்.

கைகளை விரித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார்.

"ஐயையோ, தலைசுத்தல்! யாராவது தண்ணி குடுங்க!" என்று பதறினார் அதே அம்மாள்.

"எனக்குத் தெரியும். பஸ்ஸைத் தவறவிட்டுட்டாரு," என்றான் மைத்துனன், வாயெல்லாம் பல்லாக.

சொல்லைக் கொடுத்தவரே தலைமை ஆசிரியர் என்பதால் பொருள் அவருக்குத் தெரியும். பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "என்னய்யா கண்றாவி இது! தள்ளு, நான் காட்டறேன்!" என்று ஒரு காகிதத்தைக் கசக்கிப் பந்தாக்கி எட்டி உதைத்தார். அது மைத்துனன் மூக்கில் போய் விழுந்தது. அவன் திருப்பி அடித்தான். தலைமை ஆசிரியர் நாற்காலி மேலே ஏறி அதைப் பிடித்துவிட்டு "ஹோய்!" என்று கத்தினார். அப்புறம் அலுவலகமே ரெண்டுபட்டது. டைப்பிஸ்ட் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்.

"விளையாட்டு! கும்மாளம் போடறது!" ஓடிக்கொண்டே அவர்தான் விடையையும் கத்தினார்.

தலைமை ஆசிரியர் மூச்சு வாங்க நின்றார். தன் சட்டத்தைத் தானே உடைத்தது அப்போதுதான் உறைத்தது. மைத்துனன் பக்கம் திரும்பினார். "சொல்லு தேறிடுச்சு. ஆனா நடிச்சது அவரில்ல, நான். உனக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடு. இல்லேன்னா 'டி' அவருக்குத்தான்."

 காகிதப் பந்து துணையாசிரியர் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு மைத்துனன் வாயையே பார்த்தார்.

சட்டை வெளியே தொங்க, வியர்வை வழிய நின்ற மைத்துனனுக்குக் கேள்வியே காதில் ஏறவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் சார்! அத்தான், பந்தைப் போடுங்க, சீக்கிரம் போடுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் துணையாசிரியருக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. அவன் மூக்கையே குறிபார்த்து எறிந்துவிட்டு, அவன் திருப்பி அடிப்பதற்குள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார்.